கதிருக்கும் காமாவுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சபையில் எழுந்து பேசியிருக்கிறேன். பேச்சு முடிந்தபோது கேட்டவர்களில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மீதிப் பேர் எழுந்து நின்று கைகூப்பினார்கள். நான் பேசியது பௌதிகம், ஒருவகைக் கல்லிலிருந்து கிளம்பும் கதிர்களைப் பற்றி. அந்தக் கதிர்களைக் கண்டுபிடித்த ஐரோப்பியர்களுக்கே இப்படி ஒரு மரியாதை நடந்திருக்காது.

தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் நான் கிளாக்கர். கொழுந்தை வாட்டி, உருட்டி, வறுத்துத் தேயிலையாக்கிப் பெட்டியில் அடைக்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் ஸ்டோர் என்று பெயர். என்ன ரகம், எந்தப் பெட்டி, எவ்வளவு நிறை என்று எழுதுவது என் உத்தியோகம். இதற்கு மூளையில் ஒரு மூலை போதும். மிச்ச இடம் குடிவராத வீடு மாதிரி காலியாகக் கிடந்தது. துரை படித்துவிட்டு எறியும் ஆங்கில சஞ்சிகைகளை எடுத்துவந்து அதில் குடிவைத்தேன். நாற்பதை நெருங்கும்போது மற்றவர்களுக்குத் தொந்தி விழும். எனக்குத் தொந்தியோடு விஞ்ஞானமும் விழுந்தது. இரண்டையும் மறைக்க முடியவில்லை.

எல்லாவற்றிலும் என்னைப் பிடித்துக்கொண்டது ரேடியம், யுரேனியம், தோரியம் என்னும் சாமான்களின் கதை. யாரும் தட்டாமல், உரசாமல், அடுப்பில் வைக்காமல், அவை தாமாகவே எதையோ வெளியே வீசிக்கொண்டிருக்கின்றன. உலோகக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினால் அதிலிருந்து எலெக்ட்ரன் கிளம்பும். துத்தநாகத் தகட்டின் மேல் ஒருவகை வெளிச்சம் பட்டாலும் கிளம்பும். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, கொடுத்ததற்குக் கொடுக்கிறது. இந்தச் சாமான்களுக்கு ஒன்றுமே கொடுக்க வேண்டாம். இருட்டில் பூட்டி வைத்தாலும் அவை பாட்டுக்கு வீசும். நான் பார்த்த உலகத்தில் கேட்காமல் எதையும் வெளியே விடுகிற பொருள் கிடையாது. எங்கள் துரையிடமிருந்து ஒரு நாள் லீவு வெளியே வரவேண்டுமென்றால் மூன்று தரம் கேட்க வேண்டும். ஆகவே இந்தச் செய்தியைப் படித்த பிறகு யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கே ஏதாவது கதிர் கிளம்பிவிடும் போலிருந்தது. மனைவி கேட்கமாட்டாள் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

பதுளைக் கடைவீதியில் என் அக்காளின் புருஷன் ஜவுளிக்கடை வைத்திருந்தார். இன்றும் வைத்திருக்கிறார். கடைக்கு மேல்மாடியில், தோட்டத்துப் பெண்கள் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கம்பளி மூட்டைகளுக்கு நடுவில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சங்கம் கூடும். சில கடைக்காரர்கள், என்னைப் போல் சில கிளாக்கர்மார், ஒரு வாத்தியார், நானா என்று எல்லோரும் கூப்பிடும் எதிர்க்கடை முஸ்லிம் இரும்பு வியாபாரி. எனக்கு முன்னால் பேசியவர்கள் பல் விளக்கும் முறை பற்றியும், பெண்கள் ரயிலில் தனியே போகலாமா என்பது பற்றியும் பேசியிருந்தார்கள். பல் பற்றிப் பேசியவருக்கு மூன்று பல்தான் இருந்தது. சபை அவ்வளவு தாராளமானது.

பேச்சுக்குப் போகுமுன் மச்சானின் வீட்டுச் சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு நாலு வருடத்துக்கு முன்னால் மச்சான் மொனராகலைப் பக்கம் துணி விற்கப் போய்க் குளிர்காய்ச்சலோடு வந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். கடைக்கு மேலேயே இருந்த வீட்டில் அக்கா தனியாக உட்கார்ந்து, தெற்கே கதிர்காமத்துச் சாமி இருக்கும் பக்கம் பார்த்து ஒரு வாக்குக் கொடுத்தாள். உயிர் பிழைத்தால் இரண்டு பேரும் ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் நடந்தே வருகிறோம், அவர் காவடி எடுப்பார் என்று. மச்சான் பிழைத்தார். வாக்குக் கொடுத்தவள் அக்கா, நடக்க வேண்டியவர் மச்சான். நேர்த்திக்கடனில் இதுதான் வில்லங்கம்.

முதல் ஆடியில் மச்சானுக்குக் கால் பலம் வரவில்லை. இரண்டாம் ஆடியில் தீபாவளிச் சரக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. மூன்றாம் ஆடியில் பாதையில் பேதி நோய் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். யாரிடம் கேள்விப்பட்டார் என்று அக்கா கேட்டதற்குப் பொதுவாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். உண்மைக் காரணம் யானை. போகிற பாதையில் புத்தலைக்கு அப்பால் காடு, காட்டில் யானை. மச்சான் ஒரு தடவை பெரஹரா ஊர்வலத்தில் யானையை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். அதற்குச் சங்கிலி இருந்தது, பாகன் இருந்தான், மேலே பட்டுத்துணிகூடப் போர்த்தியிருந்தது. இருந்தாலும் அது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி பார்த்தது என்பார்.

கடன் தீரும்வரை தலையணை வைத்துப் படுப்பதில்லை என்று அக்கா ஒரு விரதம் வைத்திருந்தாள். நாலு வருடமாகக் கழுத்து வலி. அந்த வருடம் அவள் யாரையும் கேட்கவில்லை. காவடிக்கு மரம் சொல்லிவிட்டாள். கடையிலிருந்தே வேட்டித் துணி கிழித்துக் காவியில் நனைத்துக் காயப்போட்டுவிட்டாள். "இந்த ஆடிக்குப் போகலேன்னா நான் சாமிக்குப் பொய் சொன்னவளாயிருவேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அவள் சொல்லாமல் விட்டதில்தான் பயம் இருந்தது. அவர் அன்றைக்குப் பிழைத்தது இரவல் என்றும், வாக்குத் தவறினால் இரவல் கொடுத்தவன் திருப்பிக் கேட்பான் என்றும் அவள் நினைத்தாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் பங்குனியில் நான் பேசப் போனேன்.

வெறும் வாயால் பேசினால் நம்பமாட்டார்கள் என்று ஒரு கருவி செய்தேன். ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதன் வாயை மெழுகால் அடைத்து, மெழுகின் நடுவே ஒரு பித்தளைக் கம்பியை இறக்கினேன். கம்பியின் மேல் முனையில் ஒரு பித்தளைத் தட்டு. கீழ் முனையில், போத்தலுக்குள், பத்தரிடம் வாங்கிய தங்க ரேக்கு இரண்டு இதழ், பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். அரக்குக் குச்சியைக் கம்பளியில் தேய்த்துத் தட்டில் தொட்டால் மின்சாரம் இறங்கும். ஒரே சாதி மின்சாரம் ஒன்றையொன்று தள்ளும் என்பதால் இரண்டு இதழும் விரிந்து நிற்கும். பக்கத்தில் கதிர் வீசும் பொருளைக் கொண்டுவந்தால் கதிர் காற்றைக் கெடுத்து, மின்சாரத்தைக் கசியவிட்டுவிடும். இதழ்கள் மெல்ல மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் கருவி.

கதிர் வீசும் பொருளுக்கு நானாவைப் பிடித்தேன். அவர் இரும்போடு கொஞ்சம் மாணிக்கக் கல்லும் பார்ப்பார். கல் தோண்டும் குழிகளில் கழித்துப்போடும் கறுப்புக் கல் துண்டுகள் சில அவரிடம் கிடந்தன. சின்னதாக, சதுரமாக, அளவுக்கு மீறிய கனம். தோரியம் உள்ள கல் அது என்று சஞ்சிகையில் படித்திருந்தேன். "வெள்ளைக்காரன் கொஞ்ச நாள் வாங்கினான், அப்புறம் விட்டுட்டான். குப்பைதான், கொண்டு போங்க" என்று கொடுத்தார்.

அடுத்தது தமிழ். கல் கதிரை வீசுவதற்குக் 'கதிர் உமிழ்தல்' என்று பெயர் வைத்தேன். எலெக்ட்ரனுக்குத் தமிழில் பெயர் கிடைக்காமல் ஒரு வாரம் தவித்து, அது அணுவைவிடப் பொடியானது என்பதால் 'மின்பொடி' என்று வைத்தேன். தமிழுக்கு ஒரு சொல் கொடுத்துவிட்ட கர்வத்தில் அன்று மத்தியானம் கொஞ்சம் தூங்கினேன்.

சபையில் நன்றாகத்தான் ஆரம்பித்தது. கல் எச்சில் உமிழுமா என்று ஒருவர் கேட்டார், பதில் சொன்னேன். மின்பொடி என்றதும் பின்வரிசையில் ஒரு பெரியவர் மடியிலிருந்து பொடிமட்டையை எடுத்து ஒரு சிட்டிகை ஏற்றிக்கொண்டு, "காரம் எப்படி?" என்று விசாரித்தார். அதையும் தாண்டினேன். பிறகு கரும்பலகையில் கதிர்களின் மூன்று வகையையும் எழுதினேன். அங்கேதான் என் உத்தியோகம் என்னைக் கவிழ்த்தது.

ஸ்டோர்க் கணக்கில் பொருளின் பெயர் முதலில் வரும், ரகம் பின்னால் வரும். பெட்டி, பெரியது. ஆணி, இரண்டங்குலம். ஈயத்தாள், கிழிந்தது. பல வருடம் இப்படியே எழுதி, வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் "தோசை, இரண்டு, சட்னி, தேங்காய்" என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன். கதிர்களுக்குக் கண்டுபிடித்தவர்கள் வைத்த பெயர் ஆல்பா, பீட்டா, காமா. கிரேக்க நெடுங்கணக்கின் முதல் மூன்று எழுத்து. காமாக் கதிர் என்று எழுதியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. நான் கணக்குப்பிள்ளை முறையில் எழுதினேன். 'கதிர், ஆல்பா.' அதன் கீழே 'கதிர், பீட்டா.' மூன்றாவதை எழுதும்போது சுண்ணக்கட்டி முறிந்தது. காற்புள்ளி விழவில்லை.

பலகையில், என் அழகான கையெழுத்தில், 'கதிர் காமா' என்று நின்றது.

நான் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றதால் எனக்குத் தெரியவில்லை. விளக்கிக்கொண்டு போனேன். முதல் கதிர் கனமானது. கனத்தவர்களைப் போலவே தூரம் போகாது. ஒரு காகிதம் குறுக்கே வந்தால் நின்றுவிடும். இரண்டாவது அணுவின் நடுவிலிருந்து பாயும் மின்பொடி. காகிதத்தைத் தாண்டும், தகட்டில் நிற்கும். மூன்றாவதுக்கு வந்ததும் குரலை உயர்த்தினேன். இதற்கு எடை இல்லை. காந்தத்துக்கு வளையாது. கண்ணுக்குத் தெரியாது. மரம், சுவர், மனுஷ உடம்பு எல்லாவற்றிலும் ஊடுருவும். யாரும் கேட்காமலே இந்தக் கல்லிலிருந்து இந்த நிமிஷமும் வந்துகொண்டிருக்கிறது. இப்படிச் சொல்லிக்கொண்டே, தங்க இதழ்கள் விரிந்து நின்ற போத்தலின் தட்டில் நானாவின் கல்லை வைத்தேன்.

இரண்டு இதழும் மெல்ல, மிக மெல்ல, ஒன்றோடொன்று சேர்ந்தன. கும்பிட்டன. வேறு சொல் எனக்கே கிடைக்கவில்லை. இரண்டு தங்க உள்ளங்கைகள் கல்லுக்கு முன்னால் கூப்பி நின்றன.

சபை இதழைப் பார்த்தது. பலகையைப் பார்த்தது. பின்வரிசையில் பொடி போட்டவர்தான் முதலில் எழுந்தார். "அரோகரா" என்றார், சத்தமில்லாமல், ஏதோ தெரிந்த விஷயத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி. அதன் பிறகு நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. மச்சான் தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, என்னை ஓரமாக நகர்த்திவிட்டு, கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

நானா மட்டும் படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தார். "கிளாக்கர் ஐயா, நான் குப்பைன்னு சொல்லிக் குடுத்தேன். அதை வெளிய சொல்லிராதீங்க" என்றார்.

அடுத்த வாரம் அக்கா தெமோதரைக்கு வந்தாள். என் வேலை இடத்துக்கு அவள் அதற்கு முன் வந்ததில்லை. ஸ்டோர் வாசலில், வறுத்த தேயிலை வாசத்துக்கு நடுவில், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றாள். பெட்டிக்கு ஈயத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

நடந்ததைச் சொன்னாள். மச்சான் கல்லை வெள்ளிச் சிமிழில் வைத்து சாமி அறையில் ஏற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை தெருவே வந்து கும்பிட்டுவிட்டுக் கீழே ஆளுக்கு ஒரு வேட்டியும் வாங்கிப் போகிறது. இனி நடக்கத் தேவையில்லை என்று தீர்மானித்துவிட்டார். கதிர்காமத்தானே சுவரைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கும்போது, காட்டில் போய்த் தேடுவது அவமரியாதை என்கிறாராம். காவடி மரத்தில் துணி உலர்த்துகிறார்கள்.

"காய்ச்சல்ல கெடந்தப்ப நெத்தியத் தொட்டா கை சுடும்டா. இப்ப காவடின்னா சிரிக்கிறாரு" என்றாள். அழவில்லை. "நீதான் ஏத்தி வெச்சே. நீயே வந்து எறக்கி வை. அந்தக் கல்லுல சாமி இல்லேன்னு அவரு வாயாலயே சொல்ல வை. ஆடிக்குள்ள சொல்லணும்."

ஒரு பேச்சாளனுக்கு இதைவிடப் பெரிய வேலை வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை போத்தலோடு பதுளைக்குப் போனேன்.

மச்சான் சாமி அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். விபூதி, சந்தனம், புது வேட்டி. முதலில் எழுத்துப் பிழையிலிருந்து ஆரம்பித்தேன்.

"மச்சான், நான் எழுதினது கதிர்காமம் இல்லீங்க. கதிர், அப்புறம் காமா. நடுவுல ஒரு கமா வரணும். விட்டுப்போச்சு."

"அதைத்தானே மாப்ளே நானும் சொல்றேன். காமா."

"காமா வேற, கமா வேற மச்சான்."

"அவனுக்கு ஆயிரம் பேரு" என்றார்.

கிரேக்கத்துக்குப் போனேன். காமா என்பது வெளிநாட்டு எழுத்து, மூன்றாவது எழுத்து, க மாதிரி ஒன்று என்றேன். கிரேக்க தேசத்திலும் அவன் பெயரைத்தான் எழுத்தாக வைத்திருக்கிறார்கள் என்று அவர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். நான் அவசரமாக விஞ்ஞானத்துக்கு வந்தேன். இந்த மாதிரிச் சாமானைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்களுக்குத் தோல் வெந்து புண்ணாகியிருக்கிறது, கிட்டே வைத்துக்கொள்வது ஆபத்து என்றேன். மச்சான் தலையை ஆட்டினார். ஆசாரமில்லாமல் தொட்டால் அப்படித்தான் சுடும் என்றும், அதனால்தான் தான் எட்ட உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். இது என்றைக்காவது தீர்ந்துபோகும் பொருள்தான் என்றேன். எப்போது தீரும் என்று கேட்டார். அங்கே பொய் சொல்லியிருக்க வேண்டும். பாதி குறையவே கோடிக்கணக்கான வருடம் ஆகும் என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைசியாகப் போத்தலை எடுத்தேன். அம்மிக்குழவியை வைத்தால் இதழ் மூடாது, நானாவின் கல்லுக்கு மட்டும்தான் மூடும், ஆகவே இது கல்லின் குணமே தவிர சாமி இல்லை என்று காட்டுவது என் திட்டம். வெளியே சித்திரை மழை அடித்துக்கொண்டிருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஈரக்காற்றில் இந்தக் கருவி மின்சாரத்தைப் பிடித்து வைக்காது. அரக்கைத் தேய்த்து, இதழை விரித்து, குழவியைக் கிட்டே கொண்டுபோனேன். இதழ்கள் கும்பிட்டன. மறுபடி விரித்து ஒரு செருப்பைக் காட்டினேன். கும்பிட்டன. என் குடையைக் காட்டினேன், ஒரு கத்தரிக்காயைக் காட்டினேன், மச்சானின் முழங்கையைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பக்தி.

மச்சானின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எங்கும் நெறைஞ்சவன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். தன் முழங்கையைச் சற்று மரியாதையோடு பார்த்துக்கொண்டார்.

நான் போத்தலை மூட்டை கட்ட ஆரம்பித்தேன். அப்போது அக்கா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லு. இந்தக் கதிரு கல்லுக்குள்ள வருதா, கல்லுலருந்து போகுதா?"

"போகுது அக்கா. உள்ளருந்து வெளிய. அதுக்குப் பேரே உமிழ்தல்."

"எப்பயாச்சுமா?"

"எந்நேரமும். இப்ப நாம பேசிக்கிட்டிருக்கறப்பவும்."

"எந்தப் பக்கம் போகுது?"

"எல்லாப் பக்கமும்."

"தெக்கேயும்?"

"தெக்கேயும்தான். வெளிச்சத்தோட வேகம். கண்ணச் சிமிட்டறதுக்குள்ள கதிர்காமத்தத் தாண்டிரும்."

"தாண்டாது. அங்க நின்னுரும்" என்றாள் அக்கா. பிறகு மச்சான் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாங்க? ஒங்க மாப்ளே படிச்சவன், அவன் சொல்றான். சாமி நம்ம வீட்டுக்கு வந்து ஒக்காரல. நம்ம வீட்டை விட்டு எந்நேரமும் கெளம்பிப் போய்க்கிட்டே இருக்காரு. நீங்க அவரு முதுகைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. அவரே ஒரு நிமிசம் இங்க தங்காம ஓடுற எடத்துக்கு, ஒங்களை மட்டும் ஆனை மறிக்குதா?"

மச்சான் சிமிழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நெசமாவா மாப்ளே? போய்க்கிட்டேதான் இருக்குதா?"

இதற்கு என்னிடம் ஒரு திருத்தம் இருந்தது. கதிர் தெற்கே கிளம்புவது உண்மை. ஆனால் நடுவில் நமுனுகுலை மலை நிற்கிறது, அவ்வளவு பெரிய மலையை எந்தக் காமாவும் துளைக்காது. வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். காமாவை நிறுத்த நமுனுகுலை வேண்டும். என்னை நிறுத்த அக்காவின் பார்வை போதும்.

"ஆமாங்க மச்சான். போய்க்கிட்டேதான் இருக்குது" என்றேன்.

மச்சான் எழுந்து, பின்கட்டுக்குப் போய், காவடி மரத்தில் உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தார்.

ஆடியில் புறப்பட்டோம். கதிரின் போக்குத் தெரிந்தவன் கூட வரவேண்டும் என்று மச்சான் பிடிவாதமாகச் சொன்னதால் நானும் போக வேண்டியதாயிற்று. லீவைத் துரையிடம் மூன்று தரம் கேட்டேன். பசறை வழியாக, மொனராகலையைத் தாண்டி, புத்தலைவரை மச்சான் என் பக்கத்திலேயே நடந்தார். காடு ஆரம்பித்த இடத்தில், அந்தக் கதிர் யானையையும் ஊடுருவுமா என்று மெல்லிய குரலில் விசாரித்தார். பாதி ஊடுருவும் என்றேன். யானைக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. சற்று தூரத்தில் பாதையின் நடுவே யானை லத்தி கிடந்தது. இன்னும் ஆவி பறந்தது. அதன் பிறகு எங்கள் கூட்டத்திலேயே வேகமாக நடந்தவர் மச்சான்தான். பக்தியைப் பார்த்து மற்றவர்கள் வியந்தார்கள்.

மாணிக்க கங்கையில் குளித்து, காவி கட்டி, அவர் காவடி எடுத்தார். மேளம் கேட்ட கொஞ்ச நேரத்தில் கால் தானாக ஆடத் தொடங்கியது. காய்ச்சலில் கிடந்து எலும்பாகிப்போன அதே மனிதர், தொந்தி குலுங்க, முகமெல்லாம் வேர்வையாக, கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். அக்கா கூட்டத்தோடு போகாமல் ஒரு மருதமரத்தடியில் நின்று பார்த்தாள். அவள் வாய் ஏதோ முணுமுணுத்தது. வேண்டுதலாக இருக்கும் என்று நினைத்துக் கிட்டே போனேன். "குடுத்தாச்சு, குடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எதற்கென்று பௌதிகத்தில் இல்லை.

திருவிழா முடிந்து தீர்த்தமும் ஆயிற்று. மூட்டை கட்டினோம். மச்சானைக் காணோம். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். கிளம்பலாமா என்றேன். தான் வரவில்லை என்றார்.

"என்ன மச்சான் இது? கடை?"

"நீங்கதானே மாப்ளே சொன்னீங்க. அங்கருந்து எந்நேரமும் இங்க வந்துக்கிட்டே இருக்காருன்னு. சாமியே காலி பண்ணிக்கிட்டு வர்ற வீட்டுக்கு நான் எதுக்குத் திரும்பிப் போகணும்?"

பதில் என்னிடம் இருந்தது, அது நமுனுகுலை மலை. அதைச் சொன்னால் அக்காளின் கடன் தீர்ந்த கணக்கே தப்பாகிவிடும். கரையேறி அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் மூட்டையை இறக்கி வைத்தாள்.

"ஏண்டா, அந்தக் கதிரு ஒண்ணாச்சும் போன எடத்துலருந்து திரும்பி வருமா?"

"வராது அக்கா. போனா போனதுதான்."

"அதை மட்டும் அவருகிட்ட சொல்லிராதே" என்றாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். அவள் வருவதைப் பார்த்த மச்சான் எழுந்து, இன்னும் கொஞ்சம் ஆழமான இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.